கையுறை இருக்கா என்று கேட்கிறீர்கள், காதைப் பற்றி ஏன் கேட்பதில்லை?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ரைடிங் குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கும், ரோடு கேப்டன்களுக்கும், கடைசி வண்டியாக எல்லாரையும் மேய்த்துக்கொண்டு வரும் ஸ்வீப் ரைடர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. பெருங்களத்தூர் தாண்டி இருக்கும் பெட்ரோல் பங்க்கில் விடியற்காலை நாலே முக்காலுக்கு வந்து, காற்று பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கிளம்பும்முன் நடக்கும் பிரீஃபிங் முடியும்வரை ஓரமாக நிற்கிற ஆள் நான். வயது 47. பன்னிரண்டு வருடமாக உங்களோடு வந்துகொண்டிருக்கிறேன். ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை, பாண்டிச்சேரிக்கு இட்லி சாப்பிடப் போன பிரேக்ஃபாஸ்ட் ரைடுகள், ஆம்பூருக்குப் பிரியாணிக்காகவே போன பயணங்கள் எல்லாவற்றிலும் ஃபார்மேஷனின் பின்பாதியில் எங்கோ நான் இருந்திருப்பேன்.

உங்கள் பிரீஃபிங்கில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, முழங்கால் கார்டு, கணுக்கால் மூடிய ஷூ என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். கையுறை இல்லாமல் வந்த ஒரு பையனை நீங்கள் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். சரியான காரியம். அந்த வரிசையில் கடைசியாக "காதுக்கு பிளக் இருக்கா?" என்று ஒரு கேள்வி வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் மகளுக்குக் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டு, பீப் அடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவே இல்லை. பேட்டரி போய்விட்டது போல என்று எடுக்கப் போனேன். அவள் கண்ணைக்கூடத் திறக்காமல், "அப்பா, அது எப்பவோ அடிச்சு முடிச்சிருச்சு" என்றாள். தெர்மாமீட்டரைக் கையில் வாங்கி, மறுபடி பட்டனை அழுத்தி, காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். வலது காதில் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி ஒரு சின்னச் சத்தம். இடது காதில் ஒன்றுமே இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வாஷிங் மெஷின் முடிந்ததும் அடிக்கும் மணி எனக்குக் கேட்டு ரொம்ப நாளாகிறது. ஊருக்குப் போனால் ராத்திரியில் சில்வண்டுச் சத்தம் குறைந்துபோய்விட்டதாக நினைத்திருந்தேன், மருந்தடித்து எல்லாம் செத்துவிட்டன என்று அண்ணனிடம் விவசாயம் பேசியிருக்கிறேன்! கல்யாண வீட்டில் எதிரே இருப்பவர் பேசுவது சத்தமாகத்தான் கேட்கும், ஆனால் வார்த்தை பிடிபடாது. "சாப்பிட்டாச்சா" என்றாரா "ஆப்பிள் ஆச்சா" என்றாரா என்று தெரியாமல் சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இதில் கூத்து என்னவென்றால், காதைப் பாதுகாப்பது பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர். தகடு வெட்டும் பிரஸ் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் நெஞ்சுக்கூடு அதிரும். வாசலில் நீலப் பலகை. பலகைக்குக் கீழே பெட்டியில் கயிறு கோத்த ஆரஞ்சு பிளக்குகள். அதைப் போடாமல் மஞ்சள் கோட்டைத் தாண்டும் ஆளை நிறுத்தி எச்சரிப்பது என் வேலை. பலரைத் திட்டியிருக்கிறேன். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில், தொழிலால் வரும், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் அட்டவணை ஒன்று உண்டு. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பும் அதில் இருக்கிறது. ஈய நச்சு, சிலிகோசிஸ் இருக்கும் அதே பட்டியல். இதையெல்லாம் வகுப்பெடுத்துச் சொல்பவன் நான். ஆறு நாள் காதை மூடி வைத்துவிட்டு, ஏழாம் நாள் அதைவிட மோசமான சத்தத்தில் வெறுங்காதோடு போய் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் என் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு.

காது டாக்டர், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தார். கோடு ஆரம்பத்தில் ஒழுங்காக வந்தது. கீச்சுச் சத்தங்கள் இருக்கும் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் சரிய ஆரம்பித்து, 4000-ல் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் மேலே ஏறி வந்தது. "வயசானா கோடு சரிஞ்சுகிட்டே போகும், இப்படித் திரும்ப ஏறாது. இது சத்தம் பண்ணின வேலை" என்றார். பிரஸ் ஷாப்பைச் சொன்னேன். பிளக் போடுவேன் என்றும் சொன்னேன். வேறு எங்கே சத்தத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். அவர் என் மடியில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்தார். அதற்குள் ஒட்டியிருந்த ஸ்பீக்கரையும் பார்த்தார்.

எனக்கு வந்த இழப்பில் பிரஸ் எவ்வளவு, காற்று எவ்வளவு, பாட்டு எவ்வளவு என்று பங்கு பிரிக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். நானும் பிரிக்கப்போவதில்லை. ஆனால் பிரஸ் ஷாப்புக்குப் பாதுகாப்பு இருந்தது, மற்ற இரண்டுக்கும் இல்லை.

சரி, காற்றுக்கு வருவோம். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏமாறும் இடம் இதுதான்.

வண்டி என்றால் சைலன்சர் சத்தம் என்றுதான் நினைப்போம். நகரத்துக்குள் அது சரி. மணிக்கு 60, 65 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல் என்ஜினை மிஞ்சிவிடும். 1990-களில் பிரிட்டனில் ரைடர்களின் காதருகே மைக் வைத்து அளந்தார்கள். 60-ஐ ஒட்டிய வேகத்திலேயே கிட்டத்தட்ட 90 டெசிபல் இருந்தது, 160-க்குப் போனால் 110-ஐத் தொட்டது. ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட், உயரத்துக்கு உயரம் மாறும் என்றாலும், ஜிஎஸ்டி ரோட்டில் நாம் போகும் 90, 100-க்கு, காதுக்குள் 95-லிருந்து 100 டெசிபல் வரை என்று வைத்துக்கொள்ளலாம். என் பிரஸ் ஷாப்பில் அந்த அளவுக்குப் பிளக் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டேன்.

டெசிபல் கணக்கு நம் மனக்கணக்குக்கு ஒத்துவராது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். அங்கிருந்து மூன்று மூன்றாக ஏறினால் நேரம் பாதி பாதியாகக் குறையும். 94-க்கு ஒரு மணி நேரம். 97-க்கு அரை மணி. 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். நம் ஊர் தொழிற்சாலை விதிகள் கொஞ்சம் தாராளம், 90 டெசிபலில் 8 மணி நேரம்வரை விடுகின்றன. நம் ஊர் விதிப்படி பார்த்தாலும், பெருங்களத்தூரில் கிளம்பிய நாம் மாமண்டூர் டீக்கடையில் வண்டியை நிறுத்துவதற்குள் அன்றைய ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைச் செலவழித்திருப்போம். நியோஷ் கணக்குப்படி கிட்டத்தட்ட மொத்தமும் காலி. கொல்லிமலை அதற்கப்புறம் இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து திரும்பி வரவும் வேண்டும்.

விலை கூடிய ஹெல்மெட் வாங்கினால் போதாதா என்று ஒரு அட்மின் என்னிடம் கேட்டார். நானும் அதைத்தான் முதலில் நம்பினேன். ஹெல்மெட் ஓடு கீச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும். காற்றின் 'உம்ம்' என்ற அடித்தொனி இரைச்சலை அது பெரிதாகத் தடுப்பதில்லை. அந்த இரைச்சல் வெளியிலிருந்து வருவதுகூட இல்லை, ஹெல்மெட்டே அதை உண்டாக்குகிறது. இங்கிலாந்தின் பாத் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டிப் பார்த்தபோது, தாடைக்குக் கீழே, ஹெல்மெட்டின் அடிவிளிம்பு இருக்கும் இடத்தில் சுழலும் காற்றுதான் முக்கியமான குற்றவாளி என்று தெரிந்தது. அதனால்தான் கழுத்தில் பஃப் துணி சுற்றி, தாடைக்குக் கீழே துணித்திரை மாட்டினால் கொஞ்சம் அடங்குகிறது. பெரிய விண்ட்ஷீல்டு போட்டால் சரியாகிவிடும் என்று செலவழித்தவர்களும் நம்மில் உண்டு. ஷீல்டின் மேல்விளிம்பில் கிழிபட்ட காற்று நேராக வந்து ஹெல்மெட்டில் மோதினால் முன்பைவிட மோசம்தான். நேர்ச்சாலையில் ஒருமுறை கால் வைக்கும் ஃபுட்பெக் மேல் லேசாக எழுந்து பாருங்கள். தலை சுத்தமான காற்றுக்குள் போனதும் இரைச்சலின் குணமே மாறும். அப்போது தெரியும், நாம் உட்கார்ந்திருப்பது எந்தக் குழம்பலில் என்று.

ஹாஃப் ஃபேஸ் ஹெல்மெட் போட்டு வருகிறவர்களைப் பற்றி நான் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தாடை மேலேயே கவலை இல்லை.

இப்போது பாட்டு.

நான் பாட்டுக்கு எதிரி இல்லை. விழுப்புரம் நோக்கிப் போகும் நீண்ட நேர்ச்சாலையில், கிழக்கே வெளுக்கிற நேரத்தில், தலைக்குள் ஒரு பாட்டு ஓடினால் அது தனிச் சுகம். அதை விடச் சொன்னால் நானே கேட்கமாட்டேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டு கேட்க வேண்டுமென்றால் அது இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும். காதுக்குள் ஏற்கெனவே 95 ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் தலைக்கு மேலே ஏறி நின்றால்தான் வயலின் கேட்கும், வரி புரியும். ஆக, நாம் வால்யூமைக் கூட்டுவது பாட்டின் மேல் ஆசையால் இல்லை, காற்றோடு போட்டி போட. ஹெல்மெட்டில் மாட்டும் சில இன்டர்காம்களில் இந்தப் போட்டியை மெஷினே நமக்காக நடத்துகிறது. இரைச்சல் கூடக் கூட வால்யூம் தானாக ஏறும். வசதி என்று நினைத்து நானும் அந்த வசதியை ஆன் செய்து வைத்திருந்தேன்.

இதைச் சோதித்துப் பார்க்க மீட்டர் வேண்டாம். டோல்கேட் போதும். பைக்குக்குக் கட்டணம் இல்லை என்று இடது ஓரமாக வேகத்தைக் குறைத்து நுழைவோமே, அந்த நேரத்தில் காற்று அடங்கியதும் தலைக்குள் பாட்டு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். காதைப் பிடுங்கி எறிகிற மாதிரி கத்தினால், அதே வால்யூமைத்தான் போன ஒரு மணி நேரமாகக் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம். என் நண்பர் ஒருவர் டோல்கேட்டில் பதறிப்போய் ஹெல்மெட்டையே கழற்றினார். அப்புறம் பூத்தைத் தாண்டியதும் மறுபடி மாட்டிக்கொண்டு, அதே வால்யூமில் ஆம்பூர் வரை வந்தார்.

ஆம்பூர் என்றதும் அந்தப் பையன் நினைவு வருகிறான். கல்லூரி முடித்து இரண்டு வருடம் இருக்கும், புது வண்டி, முதல் லாங் ரைடு. பிரியாணி இலை முன்னால் உட்கார்ந்து காதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணா, கொய்ங்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு" என்றான். மேசை முழுக்கச் சிரித்தோம். "வண்டி இறங்கிட்ட, வண்டி உன்ன விட்டு இறங்கல" என்று ஒருவர் சொன்னார். "நாளைக்குக் காலைல சரியாயிடும்டா, எங்க எல்லாருக்கும் உண்டு" என்று சொன்னது நான்.

சொன்னது பொய்யில்லை. மறுநாள் சரியாகத்தான் போகும். உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட குழல் ஒன்று இருக்கிறது. அதற்குள் வரிசை வரிசையாக நுண்ணிய மயிரணுக்கள், ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000. நாற்றங்காலில் மாடு நடந்தால் நாற்று சாய்ந்து, மறுநாள் மெல்ல நிமிரும் இல்லையா, அதுபோல இவையும் ஒரு ராத்திரியில் நிமிர்ந்துவிடும். வாராவாரம் மாட்டை ஓட்டினால்? நாற்றை மறுபடி நடலாம். மனிதனுக்கு மயிரணு மறுபடி முளைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. 2009-ல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மேன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் கண்டுபிடித்தது இது. சத்தத்துக்கு அப்புறம் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளிலும், மயிரணுவிலிருந்து நரம்புக்குப் போகும் இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அறுந்திருந்தது. சோதனையில் பாஸ், உள்ளே சேதம். கல்யாண வீட்டுச் சத்தத்தில் வார்த்தை பிடிபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அந்தப் பையன் காதில் கேட்ட 'கொய்ங்' அந்த மணிதான். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். பன்னிரண்டு வருடம் கழித்து அவன் மகளுக்குக் காய்ச்சல் வரும்போது அவனுக்கு என் நிலைமை வரக்கூடாது என்பதுதான் என் பயம்.

என்ன செய்யலாம்? காற்றை முதலில் அடைத்தால், பாட்டு தானாக இறங்கும். காதுக்குள் பஞ்சு மாதிரி இருக்கும் ஃபோம் பிளக்கைப் போட்டுவிட்டு, ஹெல்மெட் ஸ்பீக்கரில் பாட்டைக் கேளுங்கள். கேட்குமா என்றால், கேட்கும். நன்றாகவே கேட்கும். முதல் பத்து நிமிடம் வித்தியாசமாக இருக்கும், நம் மூச்சே நமக்குக் கேட்கும். அப்புறம் பழகிவிடும். ஃபோம் பிளக் கீச்சு ஸ்வரங்களைக் கொஞ்சம் அதிகமாகவே விழுங்கும் என்பதால், போனில் ஈக்வலைசரைத் திறந்து ட்ரெபிளைச் சற்று ஏற்றி, பேஸைக் குறைத்தால் போதும். ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே சத்தம் வெகுவாகக் குறையும், நாம் வால்யூமை ஏற்றுவோம். பலருடைய ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் காது மடலுக்குப் பின்னால் எங்கோ ஒட்டியிருக்கிறது. சிலருக்கு ஃபோம் பிடிக்காது. அவர்களுக்கு வடிகட்டி வைத்த சிலிக்கான் பிளக்குகள் கிடைக்கின்றன, விலை கூட, இசை இன்னும் இயல்பாக இருக்கும்.

பிளக்குக்குப் பதிலாக, காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் இயர்போனைப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. ரப்பர் முனை சரியாக அடைத்தால் அதுவும் காற்றைக் குறைக்கும்தான். ஆனால் ஹெல்மெட் மாட்டும்போது அது லேசாக நழுவும், அடைப்பு போய்விடும், பாட்டு மட்டும் காதுக்குள் நேராகக் கத்தும். நாய்ஸ் கேன்சலிங் இருக்கிறதே என்றால், அது விமானத்தின் சீரான உறுமலுக்குச் செய்த ஏற்பாடு. சுழலும் காற்று மைக்கில் மோதும்போது அதுவே தடுமாறும். பிளக்குக்கு மாற்றாக அதை நம்பாதீர்கள். பிரான்ஸில் 2015 ஜூலை முதல் வண்டி ஓட்டும்போது காதில் இயர்போன் மாட்டுவதற்கே தடை, ஹெல்மெட்டில் பதித்த ஸ்பீக்கருக்குத் தடை இல்லை. ஒற்றைக் காதில் மட்டும் மாட்டிக்கொண்டு "இன்னொரு காது ஃப்ரீயா இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரி இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கம் வருகிறதா என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு காதுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான். ஒன்றை மூடினால் அந்தக் கணக்கு போச்சு.

"பிளக் போட்டா ஹாரன் கேக்காதே" என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்வது. என் பிரஸ் ஷாப்புக்கு வரும் புதுப் பையன்களும் இதையேதான் சொல்வார்கள், "சார், மெஷின் மாறி அடிச்சா எப்படித் தெரியும்?" என்று. தெரியும். பிளக்கோடுதான் பதினெட்டு வருடமாக டை என்கிற அச்சில் விரிசல் விட்டதை, தகடு கோணலாகப் போனதைச் சத்தத்தை வைத்தே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பிளக் இரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே இறக்குகிறது. இரைச்சலுக்கு மேலே ஹாரன் எவ்வளவு தூக்கலாக இருந்ததோ, ஏறக்குறைய அதே அளவுக்கு இப்போதும் தூக்கலாக இருக்கும். இன்னும் சொன்னால், 100 டெசிபலில் திணறிக்கொண்டிருக்கும் காதைவிட 80-ல் நிம்மதியாக இருக்கும் காது நன்றாகவே பிரித்துக் கேட்கும். உண்மையில் ஹாரனை மறைப்பது பிளக் இல்லை, அதற்கு மேலே நாம் ஏற்றி வைத்த பாட்டு. ஒன்று மட்டும். என்னைப் போல ஏற்கெனவே காது பழுதானவர்கள் எந்த பிளக் போடுவது என்று டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்கள் கேட்காமல் எதையும் உள்ளே திணிக்கக்கூடாது.

போடுகிற விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். துளையின் வாசலில் கார்க் மாதிரி செருகிவிட்டு "ஒண்ணும் வித்தியாசம் இல்லையே" என்பார்கள். கையைக் கழுவுங்கள், செயின் எண்ணெய் தொட்ட விரலோடு வேண்டாம். ஃபோமை விரல்களுக்கு நடுவில் சுருக்கம் விழாமல் உருட்டி மெல்லிசாக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, விரல் நுனியால் அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். நேராக எதிரே நின்று பார்ப்பவருக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி போடுங்கள். கயிறு கோத்த பிளக் ஹெல்மெட்டுக்கு ஆகாது, மாட்டும்போது இழுத்துவிடும், கயிற்றை வெட்டிவிடுங்கள். பாக்கெட்டில் 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. நம் கையால் போடும்போது 15, 20 கிடைத்தாலே நல்ல விஷயம். 20 கிடைத்தால் 98 என்பது 78 ஆகிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. அதற்குள் வந்துவிட்டோம், பாட்டு கேட்கவும் இடம் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் ஹெல்மெட், பூட்ஸ், கையுறை என்று தொழிற்சாலைச் சாமான் விற்கும் கடைகளில் மொத்தமாக வாங்கினால் ஒரு ஜோடி ஒரு டீ விலைதான் வரும். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இப்போது உங்களிடம் கேட்பது. பிரீஃபிங்கில் அந்த ஒரு கேள்வி. மறந்து வருபவர்களுக்காக ஸ்வீப் ரைடரின் டேங்க் பேக்கில், பஞ்சர் கிட் பக்கத்தில், பத்து ஜோடி. அப்புறம் லீட் போகிறவர் வேகத்தை 100-லிருந்து 80-க்கு இறக்கினால் காதுக்குள் நாலைந்து டெசிபல் குறையும், மேலே சொன்ன கணக்கில் தாங்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். அதற்காக ஊர்ந்து போகச் சொல்லவில்லை, யார் முதலில் வாணியம்பாடி போவது என்று ஓட்டுகிற அந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான் சொல்கிறேன். மலை ஏறும்போது பாட்டு வேண்டாம் என்று ஒரு விதி வையுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே பஸ் வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தெரியும். அங்கே நாம் போகும் 25, 30-க்குக் காற்று இரைச்சலும் இருக்காது, பிளக்கையும் அடிவாரத்தில் கழற்றிவிடலாம். தாம்பரத்துக்குள்ளும் அப்படித்தான்.

வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்க ஆசை. ஆயில் மாற்றுவதை ஸ்டிக்கர் ஒட்டி நினைவு வைத்துக்கொள்கிற நாம் இதைச் செய்யலாம்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் எடுக்கிறார்கள். ஆனால் ஒரே மடலில் ரொம்பக் கேட்டால் எதுவுமே நடக்காது என்று என் மனைவி சொல்கிறாள். ஆகையால் அது அடுத்த மடலுக்கு.

உங்களில் சிலர் இதைக் குழுவில் ஃபார்வர்டு செய்துவிட்டு, கட்டைவிரல் போட்டுவிட்டு மறந்துவிடுவீர்கள் என்று தெரியும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் 200 ஜோடி கொண்ட பெட்டியோடு வருகிறேன். நாலரைக்கே வந்துவிடுவேன், அதே பங்க், காற்று பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில். தண்ணீர் பாட்டிலும் சோப்பும் கொண்டுவருகிறேன், கை கழுவிவிட்டு வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன். அந்த ஆம்பூர்ப் பையன் இப்போது எந்தக் குழுவில் இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் அவனையும் கூட்டிக்கொண்டு வரவும். பேசும்போது என் வலது பக்கமாக நின்று பேசினால் நல்லது.

அன்புடன்,
பின்வரிசையில் வரும் கறுப்பு வண்டிக்காரன்